நேட்டிவ் எங்கே என்று கேட்காதீர்கள்

வேலைக்குப் போனதும் எனக்கு முதலில் நடப்பது ஒரு விசாரணை. கேரளத் தேயிலை மலையில், சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோம்ஸ்டேயில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வந்து இறங்குகிறவர்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே ஆதார் அட்டையை நீட்டுவார்கள். வெந்நீர் எத்தனை மணிவரை வரும் என்று கேட்பார்கள். சாவியை வாங்கிக்கொள்வார்கள். அதோடு மாடிக்குப் போகலாம் அல்லவா? போக மாட்டார்கள். சாவி வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டே, "உங்க நேட்டிவ் எது?" என்பார்கள். என் பெயரைக் கேட்டவர்களைவிட என் நேட்டிவைக் கேட்டவர்கள்தான் அதிகம். இத்தனைக்கும் என் பெயர் சட்டையிலேயே குத்தியிருக்கிறது, மாரீஸ்வரி என்று.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஒரு படி மேலே போவார்கள். "தமிழ் இவ்ளோ நல்லா பேசறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்று ஒரு அம்மாள் கேட்டார். "எங்க அம்மாகிட்ட" என்றேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். எர்ணாகுளத்துக்காரர்கள் வேறு மாதிரி. "சேச்சியுடெ நாடு எவிடெயா?" என்பார்கள். நாடு என்றால் மலையாளத்தில் ஊர். "இவிடெத் தன்னெ" என்று தரையைக் காட்டுவேன். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, "அதல்ல, சரிக்கும் நாடு?" என்பார்கள். உண்மையான ஊராம். நான் பிறந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் ஆகி, இன்றைக்கும் குளிர்காய்ந்து கொண்டிருக்கிற ஊர் உண்மையில்லை. எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிற இன்னொன்றுதான் உண்மை. ஒரு நாள் எரிச்சல் தாங்காமல், "எனக்கு ஊரே கிடையாது, தேயிலைச் செடியில காய்ச்சேன்" என்று சொல்லிவிட்டேன். முதலாளி கூப்பிட்டுத் திட்டினார்.

விருந்தாளிகளில் இந்தக் கேள்வியை ரசித்துப் பதில் சொன்ன ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். பாலக்காட்டிலிருந்து வந்திருந்தார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு நான் முந்திக்கொண்டு, "சாருக்கு நேட்டிவ்?" என்று கேட்டேன். பழிக்குப் பழி. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போ கல்பாத்தியிலயாக்கும் இருக்கோம். ஆனா நேட்டிவ் தஞ்சாவூர்ப் பக்கம்."

"எந்த கிராமம் சார்?"

"அது தெரியாது. அப்பாக்கும் தெரிஞ்சிருக்கல."

"எப்ப வந்தாங்க அங்கேர்ந்து?"

"அதாச்சு, எத்தனையோ தலைமுறை" என்று கையை வீசினார். தஞ்சாவூருக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு தடவை போனாராம், கோயில் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிட்டாராம், வெயில் தாங்கவில்லையாம். பேர்கூடத் தெரியாத ஒரு ஊரை அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிற மாதிரி சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அப்பாவை நினைத்துக்கொண்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மேசையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்தச் சொல்லைக் கைப்பேசி அகராதியில் தேடிப் பார்த்தேன். அதன் வேர் லத்தீனில் பிறப்பைச் சேர்ந்தது. பிறந்த இடத்தோடு ஒட்டியவன் நேட்டிவ். அதாவது அது ஆளைக் குறிக்கிற பெயர். அதிலும் ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல்லாக நடமாடத் தொடங்கிய பழைய காலத்தில், நிலத்தோடு கட்டுண்டு பிறந்த பண்ணையாளுக்குத்தான் அந்தப் பேராம். அதைப் படித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு கப்பலேறி வந்த துரைமார் எங்களைப் போன்றவர்களை எல்லாம் நேட்டிவ் என்றார்கள், கறுத்த தோல் உள்ள எவனும் நேட்டிவ். நம் ஆட்கள் 'நேட்டிவ் பிளேஸ்' என்று ஒரு வாலை ஒட்டினார்கள், அப்புறம் பேச்சு அவசரத்தில் வாலை வெட்டிவிட்டார்கள். இப்போது அது ஊரின் பேர். நான் நேட்டிவ் இல்லை, எனக்கு ஒரு நேட்டிவ் இருக்கிறது. இருக்கிறதாம்.

எங்கள் அப்பா சுடலைமுத்துவுக்கு அது இருந்தது. அவரும் இந்த மலையில் பிறந்தவர்தான். அவருடைய அப்பாதான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கங்காணியோடு மலையேறி வந்தவர். ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன், அங்கே இதைப் படிக்கிறவர்கள் இருக்கலாம், சண்டைக்கு வருவார்கள். அப்பா தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் காலமெல்லாம் வேலை பார்த்தார். அம்மா கோமதி கொழுந்து எடுத்தாள். இருவருக்கும் எஸ்டேட் கொடுத்தது லயத்தில் ஒரு வீடு. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள். பக்கத்து வீட்டில் தும்மினால் நாங்கள் நூறு என்போம். அந்த வீட்டில் அப்பாவின் வாயில் நேட்டிவ் என்ற சொல் ஒரு நாளைக்கு ஒரு முறையாவது வராமல் இருக்காது. மழை விடாமல் பெய்தால், "நேட்டிவ்ல இந்நேரம் வெயிலு சுள்ளுனு அடிக்கும்" என்பார். வெயில் அடித்தால், "இதெல்லாம் ஒரு வெயிலா?" என்பார்.

லயத்து வீட்டுக்கு ஒரு விதி உண்டு. வேலை இருக்கிற வரைக்கும் வீடு. அப்பா ஓய்வு பெற்றபோது அம்மாவின் பெயரில் வீடு தங்கியது. இந்த வருஷம் அம்மாவுக்கும் ஓய்வு. வீட்டில் இன்னொருவர் எஸ்டேட் வேலைக்குச் சேர்ந்தால் அவர் பெயரில் தொடரலாம். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நான் இந்த மேசையில் இருக்கிறேன். எனக்கும் என் கணவருக்கும் ஹோம்ஸ்டேயின் பின்பக்கம் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள், கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. ஆக, அம்மாவும் அப்பாவும் எங்கே போவார்கள் என்பதுதான் கேள்வி. அப்பாவுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. "நேட்டிவ்ல எடம் கெடக்கு. போயி ஒரு வீட்டக் கெட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அப்பாவின் ஊரில் அம்மன் கோயிலுக்கு வருஷா வருஷம் கொடை என்கிற திருவிழா நடக்கும். அதற்கு வீட்டுக்கு வீடு வரி வசூலிப்பார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு வரி. வரி கொடுக்கிறவன்தான் ஊர்க்காரன். அவனுக்குக் கொடையில் பங்கு உண்டு, கூட்டத்தில் பேச வாய் உண்டு. ஊர்ப் பொதுவில் ஒரு புஞ்சை நிலம் கிடக்கிறது. வரிதாரர் யாராவது வீடில்லாமல் நின்றால் அதில் ஒரு மனை ஒதுக்கிக் கொடுப்பது வழக்கம். எங்கள் தாத்தா மலையிலிருந்து வரி அனுப்பினார். அப்பாவும் அனுப்பினார். வீட்டில் அரிசி இல்லாத மாதத்திலும் அனுப்பியிருக்கிறார், அம்மாவின் வசவையும் சேர்த்து.

தம்பி முதல் சம்பளம் வாங்கிய வருஷம் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மதுரையில் சொல்லி ஒரு வெண்கல மணி செய்தார். கோயில் முன்மண்டபத்தில் தொங்கவிட. அதில் என்ன எழுத வேண்டும் என்று தாளில் எழுதி எழுதிப் பார்த்து, கடைசியில் இப்படிப் பொறிக்கச் சொன்னார்: 'உபயம்: சுடலைமுத்து குடும்பத்தார், சித்திரபுரம், கேரளா.' கேரளா எதற்கு என்று அம்மா கேட்டாள். "மலையேறிப் போனவன் மண்ணாப் போகலன்னு தெரியணும்லா" என்றார். மணி போய்ச் சேர்ந்தது. அடுத்த கொடைக்கு வரியைப் பற்றிக் கேட்க, ஊரில் இருக்கிற கணேசன் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். சித்தப்பா என்றால் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, ஊர்க் கமிட்டியில் இருப்பவர். "அண்ணே, நீங்க மணியே குடுத்துட்டீய. ஒங்ககிட்ட போயி வரி கேப்போமா?" என்றார் அவர். அப்பா அன்று லயம் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டு அலைந்தார். அந்த மணி ஆயுசுக்கும் கட்டின வரி என்பது அவர் கணக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு கொடைக்கும் சித்தப்பா போனை மணிக்கு நேரே பிடிப்பார், அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

எனக்கு அந்த மணியின்மேல் சந்தேகம் இருந்தது. மனையின்மேலும் இருந்தது. அதனால் நான் இங்கேயே ஒரு வழி பார்த்தேன். நிலமும் வீடும் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் வீடு கொடுக்கும் திட்டம் ஒன்றில் அம்மாவின் பெயரில் மனு கொடுத்தேன். விசாரிக்க வேண்டும், இருவரும் வரட்டும் என்று வில்லேஜ் ஆபீஸில் கூப்பிட்டார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வழியெல்லாம், "வாயத் தொறக்காதீங்க, கேட்டா மட்டும் சொல்லுங்க" என்று நானும் அம்மாவும் மாற்றி மாற்றிச் சொன்னோம். கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

அதிகாரி நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். உட்காரச் சொன்னார், அம்மாவிடம் முட்டுவலியைப் பற்றிக்கூட விசாரித்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சியுடெ நாடு எவிடெயா?" என்று கேட்டார். சும்மா, பேச்சுக்குப் பேச்சாக. எத்தனை பேர் என்னிடம் கேட்ட கேள்வி! அப்பாவிடம் ஒருவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவர் முகம் அப்படி மலர்ந்தது.

"நமக்கு நேட்டிவ் சங்கரன்கோயிலு சாரே. இங்க வந்து மூணு தலமொறையாச்சு. ஆனா ஊர விட்டுக் குடுக்கல. வரி கெட்டுனவங்களாக்கும்."

அதிகாரி நிமிர்ந்தார். "வரியோ? கரம் அடய்க்குன்னுண்டோ? அப்போ அவிடெ ஸ்தலம் உண்டல்லே?" கரம் என்றால் இங்கே நிலவரி. அங்கே நிலம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

"இது கோயில் வரி சார்" என்று நான் குறுக்கே விழுந்தேன். அப்பா என்னை விலக்கினார். "ஸ்தலம் உண்டு சாரே! பின்ன இல்லாமயா? எப்பப் போனாலும் வீடு கெட்டிக்கிடலாம்."

அம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதிகாரி வருத்தத்தோடுதான் எழுதினார். சொந்த ஊரில் நிலம் இருக்கிறவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. நிலம் இல்லை என்றால் அந்த ஊர் அதிகாரியிடமிருந்து எழுதி வாங்கி வாருங்கள், பார்க்கலாம் என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சாருடெ நாடு எவிடெயா?" என்று கேட்டேன். "கோட்டயம் பக்கம்" என்றார் சாதாரணமாக. "வல்யப்பச்சன் மல கயறி வந்நதா." அவருடைய தாத்தாவும் மலையேறி வந்தவர்தான். எங்கள் தாத்தா கிழக்குப் பக்கமாக ஏறினார், அவர் தாத்தா மேற்குப் பக்கமாக. எங்கள் தாத்தா ஏறிய பாதையின் குறுக்கே ஒரு எல்லைக் கோடு கிடந்தது. அவர் தாத்தா ஏறிய பாதையில் கோடு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அதை எந்த மனுவில் எழுதுவது?

வெளியே வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "வாயக் குடுத்து வீட்டக் கெடுத்த மனுசன் ஒலகத்துலயே நீருதான்." அப்பா அசரவில்லை. "பொய் சொல்லி வீடு வாங்கணுமாக்கும்? நமக்குன்னு எடம் இருக்கையில பிச்சக்காரன் மாதிரி கைய நீட்டச் சொல்லுதியா?" என்றார். பஸ்ஸில் தனி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அதே சமயம், மனதின் ஒரு மூலையில், ஒருவேளை இவர் சொல்வதுதான் சரியோ, அந்த மனை உண்மையிலேயே கிடக்கிறதோ என்று ஒரு ஆசை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது எங்களைப் பார்த்துச் சொன்னது.

கொடைக்குப் போனோம். மனையைப் பற்றி நேரிலேயே பேசிவிடலாம் என்று அப்பா சொன்னார். போடிமெட்டு மலைப்பாதை இறங்கும்போதே ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து, இனி தேவைப்படாது என்பது போல் பைக்கு அடியில் வைத்தார். ஊரில் நல்ல வரவேற்பு. போகிற வழியெல்லாம், "கேரளாக்காரர் வந்துட்டாருய்யா" என்றார்கள். அப்பாவுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அங்கே மலையில் ஒரு பெட்டிக்கடையில் நின்றால், தமிழர் என்ற இளக்காரத்தோடு 'பாண்டி' என்று முணுமுணுப்பார்கள். இங்கே கேரளாக்காரர். கூப்பிடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் நன்றாக இருக்கும்.

மதியக் கொடை முடிந்தது. மைக்கில் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். "கேரள மாநிலத்திலிருந்து வருகை தந்திருக்கும் நமது நன்கொடையாளர்" என்று சொல்லி ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அப்பா அந்த மணிக்குக் கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டார். மணியும் எழுத்தும் அவர் முகமும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பின்பும் பார்க்கவில்லை.

பிறகு பங்கு கொடுத்தார்கள். வரி கட்டிய ஒவ்வொரு தலைக்கட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாழையிலையில் பொங்கல் சோறும், தேங்காய் மூடியும், பழமும் கொடுப்பார்கள். பார்த்தால் ஒரு ஆளுக்குக்கூடக் காணாத அற்பம். ஆனால் அதை வாங்குகிறவன்தான் அந்த ஊர். அப்பா பொன்னாடையோடு முன்வரிசையில் நின்றார். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. தாத்தாவின் பெயரைப் போலவே பெயர் உள்ள ஒருவர் போனார். சித்தப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர், கல்யாணமாகி ஆறு மாதமான ஒரு இளைஞன் எல்லாரும் போய் வாங்கினார்கள். பந்தலில் கூட்டம் கலையத் தொடங்கியது. இலைக்கட்டு காலியாகிவிட்டது.

விட்டுப் போயிருக்கும் என்று அப்பா நினைத்தார். தானே முன்னால் போனார். பங்கு கொடுத்துக்கொண்டிருந்த ஆள் பணிவாகத்தான் சொன்னான். "ஐயா, இது வரிதாரர் பங்கு. நீங்க விருந்தாளில்லா? ஒங்களுக்குப் பந்தியில தனியா எல போட்டிருக்கு."

"நான் வரிதாரன்தாம்யா."

அந்த ஆள் கணேசன் சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா அப்பாவைத் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். நானும் அம்மாவும் பின்னால் போனோம்.

"அண்ணே, கோவப்படாம கேளுங்க. ஊர்க்காரன் குடுத்தா வரி, வெளியூர்க்காரன் குடுத்தா நன்கொட. ஒரே ஆளு ரெண்டாவும் இருக்க முடியாதுல்லா? நீங்க மணியில கேரளான்னு ஒங்க வாயாலயே போட்டுட்டீய. அந்த வருசமே கூட்டத்துல பேசித் தலைக்கட்டுல இருந்து எடுத்தாச்சு. ஒங்களுக்குப் பாரம் வேண்டாம்னுதான் எடுத்தது. மரியாதையாத்தான் எடுத்தோம்."

"அப்ப மனை?" என்றாள் அம்மா.

"அது வரிதாரருக்குத்தான மதினி" என்றார் சித்தப்பா. "அண்ணன் கேட்டுப் பாத்தாலும் ஊரு ஒத்துக்காது. உள்ளூர்லயே எடத்துக்குக் காத்துக் கெடக்கான் ஆளு ஆளா."

ஊரில் இருக்கிறவர்களே, இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். வரியை நிறுத்தியபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? உங்களுக்கு அது ஒரு கூட்டத்தின் தீர்மானம், டீ குடித்துவிட்டு எழுந்து போயிருப்பீர்கள். அந்த மனிதர் அதற்குப் பிறகு எத்தனை கொடைக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார் என்று உங்களுக்குத் தெரியாது. மலையில் இருக்கிற என் சனங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நேட்டிவுக்கு எதையாவது வாரிக் கொடுக்கத் தோன்றினால் கொடுக்காதீர்கள். எல்லாரும் கொடுப்பதை மட்டும், அவர்கள் கொடுக்கிற மாதிரி மட்டும் கொடுங்கள். பெரிதாகக் கொடுக்கிறவன் அந்நியன்.

மறுநாள் காலையில் நான் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போனேன். எடுத்ததுதான் எடுத்தார்கள், அதனால் ஒரு நன்மையாவது கிடைக்கட்டும் என்று பார்த்தேன். இங்கே எங்களுக்கு நிலம் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அது போதும் என்றேன். அவர் கணினியில் தட்டிப் பார்த்தார். "ஒங்க அப்பா பேர்ல ஒண்ணுமே இல்லியேம்மா."

"அதத்தான் எழுதிக் குடுங்கன்னு கேக்கேன்."

"அவரு இந்த ஊர்க்காரரா? ரேஷன் கார்டு இருக்கா? ஓட்டு இருக்கா?"

"இல்ல. கேரளாவுல இருக்கு."

"அப்ப நான் எப்படிம்மா எழுதுவேன்? எங்க ஊர் ஆளுக்குத்தான் நான் எழுத முடியும்."

இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்வதற்குக்கூட நாம் அங்கே இருந்தாக வேண்டும். நான் எழுந்து வந்துவிட்டேன். அழுகை வந்தது, அதைவிட எரிச்சல் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ராஜபாளையம் தாண்டும்வரை பொறுத்தாள். அப்புறம் சொன்னாள், "சொந்தக் காசுல சூனியம் வைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். வெண்கலத்துல வச்சு இப்பத்தான் பாக்கேன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். போடிமெட்டு ஏறும்போது குளிர் அடித்தது. ஸ்வெட்டரை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அந்தப் பொன்னாடையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். ஜரிகை குத்துமே என்று நினைத்தேன்.

லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கியது. மலையின் இன்னொரு பக்கம், மறையூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தேன். மழை குறைவு, அம்மாவின் முட்டுக்கு நல்லது. பக்கத்தில் கரும்புச்சாறு காய்ச்சுகிற கொட்டகை, வீடு முழுக்க வெல்லத்தின் வாசனை. அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நமக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். நான் தினமும் சம்பளத்துக்காகக் கேட்டுக்கொள்கிற கேள்வியை வீட்டிலும் கேட்க வேண்டுமா?

அதற்கு இரண்டு நாள் கழித்து அப்பா ஹோம்ஸ்டேக்கே வந்துவிட்டார். மேசைக்கு எதிரே நின்று, விருந்தினர் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏட்டி, அன்னைக்கு மணிய போட்டோ எடுத்தேல்லா?"

"எடுத்தேன்."

"எழுத்து தெரியுதா?"

பெரிதாக்கிக் காட்டினேன். சித்திரபுரம், கேரளா என்பது பளிச்சென்று தெரிந்தது. அவர் விரலால் அந்த எழுத்தைத் தொட்டார், படம் நகர்ந்துவிட்டது. திரும்பச் சரி செய்து காட்டினேன்.

"இத அந்த ஆபீசர்ட்ட காட்டு. நம்ம ஊர்க்காரங்களே நம்மள சித்திரபுரம்னுதான் எழுதி வச்சிருக்காங்க, கோயில்ல தொங்குதுன்னு சொல்லு. அம்மன் சந்நிதியில பொய்யா எழுதுவாங்க? இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

எழுதியது யார், நீங்கள்தானே என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வாழ்நாளெல்லாம் நேட்டிவ் நேட்டிவ் என்று அடித்துக்கொண்ட மனிதர், தான் சித்திரபுரத்துக்காரன் என்று முதல்முறையாகச் சொல்ல வந்திருக்கிறார்.

மறுநாளே போனோம். மழை. அப்பா உள்ளே வரவில்லை. "நான் வந்தா ஏதாச்சும் பேசிருவேன்" என்று வாசலில் குடையோடு நின்றுகொண்டார். அதிகாரிக்கு என்னை நினைவிருந்தது. நடந்ததைச் சொன்னேன். வரி என்றால் நிலவரி இல்லை, அங்கே எங்களுக்கு மனை இல்லை, ஊரில் எங்களை எடுத்துவிட்டார்கள், வி.ஏ.ஓ. எழுதித் தர மறுக்கிறார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். போட்டோவை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தமிழ் படிக்கத் தெரியாது. "எந்தா எழுதியிரிக்குன்னெ?" என்றார். நான் வாசித்தேன். உபயம், சுடலைமுத்து குடும்பத்தார், சித்திரபுரம், கேரளா.

அவர் முகம் தெளிந்தது. மணியைப் பெரிதாக்கிப் பார்த்தார், அப்பாவின் பொன்னாடையைப் பார்த்தார். "கொள்ளாம். நல்ல மணியாணல்லோ" என்றார். பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அப்புறம் நட்பாக, "இது இவிடெ ஏது அம்பலத்திலா?" என்று கேட்டார். இங்கே எந்தக் கோயிலில் என்று.

இங்கே ஏதோ ஒரு கோயில் பேரைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் வெள்ளைச் சட்டையின் முதுகு தெரிந்தது. பொய் சொல்லி வீடு வாங்கணுமாக்கும் என்று கேட்ட முதுகு.

"இவிடெயல்ல சார். சங்கரன்கோவில் பக்கம்."

"ஆ…" என்றார் அவர். பேனாவை மூடினார். "அதல்லே மோளே ஞான் அந்நும் எழுதியது." உங்கள் ஊர் அது என்றுதானே மகளே நான் அன்றைக்கும் எழுதினேன் என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்து, பத்திரமாக என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்தேன். அப்பா குடையை என் பக்கம் சாய்த்தார். அவருடைய பாதித் தோள் நனைந்தது.

"என்ன சொன்னாரு?"

"மணி நல்லாருக்குன்னாருப்பா."

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் குடையை மடக்கி உதறினார்.

"மதுரையில சொல்லிச் செஞ்சதுன்னு சொன்னியா?" என்று கேட்டார்.